மட்டக்குளிக்கு வந்து சேரும் தண்ணீர்

கொழும்பில் 155 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறுகிறவர்கள் அநேகமாகப் பாதி வழியிலேயே இறங்கிவிடுவார்கள். பல்கலைக்கழகத்தடியில் மாணவர் கூட்டம் கழியும். நகர மண்டபத்தில் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், மருதானையில் ரயில் பிடிக்க ஓடுகிறவர்கள். மட்டக்குளி வரை மிஞ்சுவது வீட்டுக்குத் திரும்பும் சனம் மட்டுந்தான். அங்கே உறவோ வேலையோ இல்லாத ஒருவர் கடைசித் தரிப்புக்கு டிக்கெட் கேட்டால், கொண்டக்டர் ஒருமுறை முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மிச்சக் காசு தருவார்.

எனக்கு அந்தப் பாதையில் வேறொரு காரியம் இருந்தது. கொழும்பு நகரம் கழித்துவிடும் நீர் இரண்டு இடங்களில் கடலுக்குப் போகிறது. தெற்கே வெள்ளவத்தை, வடக்கே மட்டக்குளிக்குப் பக்கத்து முகத்துவாரம். இரண்டு இடத்திலும் குழாய் கரையைத் தாண்டிக் கடலுக்கு அடியில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் போய் வாய் திறக்கிறது. வெள்ளவத்தையில் ஏறி மட்டக்குளியில் இறங்கினால் இந்த இரண்டு வாய்களுக்கும் நடுவில் உள்ள நகரத்தை ஒரே டிக்கெட்டில் பார்த்துவிடலாம். நாட்டின் குடிநீர், கழிவுநீர்ச் சேவைகளைச் சீர்திருத்துவது பற்றி இருபது வருடத்துக்கும் மேலாகப் பேச்சு நடக்கிறது. அந்தப் பேச்சைக் கூட்ட மண்டபங்களில் கேட்பதைவிட பஸ் ஜன்னலோரம் இருந்து யோசிப்பது நல்லது என்று தோன்றியது.

வெள்ளவத்தையில் கழிவுநீரைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. கதைக்கத் தேவையில்லாதபடி அது கண்ணில் படாமல் போய்விடுகிறது. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒரு காலத்தில் முற்றமும் மாமரமும் வைத்த வீடுகள் இருந்தன. போர் முற்ற முற்ற வடக்கிலிருந்து வந்த குடும்பங்களும், வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய காசும் சேர்ந்து அந்த வீடுகளை இடித்து மாடிக் குடியிருப்புகளாக்கின. ஒரு குடும்பம் குளித்த காணியில் இப்போது இருபது, முப்பது குடும்பங்கள் குளிக்கின்றன. மேலே கட்டடம் மாறிய வேகத்தில் கீழே குழாய் மாறவில்லை.

அந்தக் குழாய்த் தொகுதி 1906 க்கும் 1916 க்கும் இடையில் போடப்பட்டது. மெல்பேண் நகரத்துக்கும் கழிவுநீர்த் திட்டம் தீட்டிய ஜேம்ஸ் மான்சர் என்ற ஆங்கிலப் பொறியியலாளரின் யோசனை அது. அன்று நகரத்தின் சனத்தொகை இரண்டு லட்சத்தை அண்டியது. 2012 கணக்கெடுப்பில் அது ஐந்தரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. காலையில் வேலைக்கு வந்து மாலையில் திரும்பும் லட்சக்கணக்கானவர்கள் இதற்குள் இல்லை. மலசலகூடத்துக்கு அவர்களும் போகத்தான் செய்கிறார்கள்.

குழாய் வருவதற்கு முன் நகரம் வாளியில் ஓடியது. வாளிக் கக்கூஸிலிருந்து மலத்தைத் தலையில் தூக்கிப் போனவர்கள், மாநகர சபையின் துப்புரவு வேலைக்கென்று தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒடுக்கப்பட்ட சாதித் தமிழர்கள். குழாய் போடப்பட்ட தெருவில் அவர்களுடைய தலைச்சுமை இறங்கியது. ஆனாலும் அடைப்பெடுக்கும் வேலை, கான் தோண்டும் வேலை, குப்பை வேலை எல்லாம் அதே குடும்பங்களிடமே நின்றது. அவர்களில் பலரை 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாகவும் ஆக்கியது. இந்தத் துறையின் சீர்திருத்தம் பற்றி எழுதப்படும் கனத்த அறிக்கைகளில் கடன், கட்டணம், கசிவு எல்லாவற்றுக்கும் அத்தியாயம் உண்டு. மேன்ஹோல் மூடியைத் தூக்குகிற கைக்கு ஒரு பந்தி கிடைத்தால் பெரிது.

பஸ் பம்பலப்பிட்டி தாண்டி, தும்முல்லைச் சந்தியில் திரும்பி, நகர மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு மருதானைக்குப் போனது. அங்கே இறங்கி மாளிகாகந்தைப் பக்கம் நடந்தேன். 1873 இல் தொடங்கிய வித்யோதயப் பிரிவேனா இருக்கும் அதே மேட்டில்தான் நகரத்தின் பழைய நீர்த்தேக்கமும் இருக்கிறது. 1880 களில் லபுகம மலைக்காட்டுக்குள் அணை கட்டி, அங்கிருந்து இரும்புக் குழாயில் தண்ணீரைக் கொழும்புக்குக் கொண்டுவந்தார்கள். பம்பு இல்லை. மலையில் இருந்த தண்ணீர் தன் பாரத்திலேயே நாற்பது கிலோமீற்றருக்கு மேல் ஓடி வந்து இந்த மேட்டில் ஏறியது. அணைக்கு மேலே உள்ள காட்டுக்குள் ஆள் புகாமல் காத்தார்கள். வருகிற தண்ணீரைக் கெடுக்கக்கூடாது என்பதில் வெள்ளைக்காரனுக்கு அவ்வளவு கவனம். போகிற தண்ணீர் விஷயத்தில் அந்தக் கவனம் இல்லை. வடபகுதிக் கழிவுநீர் பல காலம் களனி கங்கையின் கழிமுகத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது. 1980 களில்தான் குழாயைக் கடலுக்குள் நீட்டினார்கள்.

இந்த இரட்டை மனம் நிர்வாகத்திலும் இருக்கிறது. குடிநீர் இன்று தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பு. 1974 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தின்படி 1975 ஜனவரியில் தொடங்கிய நிறுவனம் அது. பெயரில் வடிகாலும் இருக்கிறது. தெஹிவளை, கல்கிசை போன்ற புறநகர்களின் கழிவுநீரையும் அது பார்க்கிறது. நகர எல்லைக்குள் கழிவுநீர்க் குழாய்கள் மட்டும் மாநகர சபையிடமே நின்றுவிட்டன. தண்ணீருக்கு மீட்டர் வைத்து மாதம் தவறாமல் பில் வரும். கழிவுநீர் வெகுகாலமாக மாநகர சபையின் ஆதன வரிக்குள் அடங்கிய ஒரு செலவு. வீட்டுக்குள் வரும் குழாய்க்கு ஒரு முதலாளி, வெளியே போகும் குழாய்க்கு இன்னொருவர். மழைநீர்க் கால்வாய்களுக்குக் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம், ஆற்று நீரின் தரத்துக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபை. நாலு கதவு, நாலு கடிதத் தலைப்பு. தண்ணீருக்கு இந்த எல்லைகள் தெரியாது.

அடுத்த பஸ்ஸில் ஏறி ஆமர் வீதி வழியாகக் கொட்டாஞ்சேனையில் இறங்கினேன். பன்னிரண்டு மணி வெயில். ஒரு சாப்பாட்டுக் கடையில் பிளேன்டீ குடிக்க உட்கார்ந்தபோது, பட்டறையில் இருந்த கடைக்காரர் தானாகவே கதையைத் தொடங்கினார். நான் தண்ணீரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதுதான் தாமதம்.

“தம்பி, கரண்ட் பில் கூடினா லைட்டை நூக்கலாம். தண்ணி பில் கூடினா என்னத்தை நூக்கிறது? சோறு வடிக்காம இருக்கேலுமே, கோப்பை கழுவாம இருக்கேலுமே?”

“எப்ப இருந்து இந்தக் கூட்டம், அண்ணை?”

“காசு விழுந்த வருசத்தில இருந்து.”

அவர் சொன்னது 2022. அந்த வருடம் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியது. நீர்ச் சபையின் பெரிய திட்டங்கள் வெளிநாட்டுக் கடனில் கட்டப்பட்டவை. பத்து வருடமாகக் கட்டணத்தை யாரும் தொடவில்லை. எந்த அரசாங்கமும் தேர்தலை எண்ணிப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டது. கடனும் மின்சாரச் செலவும் ஒன்றாக ஏறியபோது 2022 செப்ரெம்பரில் கட்டணம் உயர்ந்தது. 2023 ஓகஸ்ட்டில் மறுபடியும் உயர்ந்தது. சாதாரண வீட்டுப் பாவனையின் முதல் ஐந்து யூனிட்டுக்கு, யூனிட் ஒன்று 20 ரூபாவாக இருந்தது 60 ஆயிற்று. யூனிட் என்பது ஆயிரம் லீற்றர். 2024 இல் சற்றுக் குறைத்தார்கள். பத்து வருடம் சிறுகச் சிறுக ஏறியிருக்க வேண்டியது ஒரே வருடத்துக்குள் தலையில் விழுந்தது. சீர்திருத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே இங்கே சனம் பர்ஸைப் பிடித்துக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

அதற்கு முன்னும் ஒரு பயம் இருந்தது. 2002 இல் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கான 35 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. மின்சாரத்தையும் தண்ணீரையும் கண்காணிக்க ஒரு நடுநிலை நடுவர் வேண்டும் என்பது எண்ணம். 2003 இல் நீர்ச் சேவைகள் சீர்திருத்த மசோதா வந்தது. தண்ணீர் தனியாரிடம் போகப் போகிறது என்று தொழிற்சங்கங்களும் விவசாய அமைப்புகளும் எழுந்தன. விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மாகாண சபைகளுக்குப் பகிர்ந்த விடயத்தைத் தொடும் சட்டத்தை அந்தச் சபைகளுக்கு அனுப்பாமல் கொண்டுவர முடியாது என்று நீதிமன்றம் கூறியது. மசோதா அத்தோடு படுத்துவிட்டது. மின்சாரத்துக்கு 2009 இல் தனிச் சட்டம் வந்து ஆணைக்குழு வேலை தொடங்கியது. தண்ணீருக்கு அப்படி ஒரு சட்டம் வரவில்லை. ஆகவே தண்ணீர் விலை கூடினாலும் குறைந்தாலும், கூட்டியவர் யார், எந்தக் கணக்கில் என்று கேட்பதற்கு மின்சாரத்துக்கு இருப்பதுபோன்ற ஒரு பொது மேடை இல்லாமல் போயிற்று.

தனியாரைப் பற்றிய பயம் ஆதாரமில்லாத பயம் என்று சொல்லமாட்டேன். நமக்கு முதல் குழாய் போட்டுத் தந்த இங்கிலாந்து 1989 இல் தன் தண்ணீரையும் கழிவுநீரையும் கம்பனிகளுக்கு விற்றது. முப்பது வருடம் கழித்து அந்த நாட்டு ஆறுகளில் மழைநாட்களில் சாக்கடை கலக்கும் செய்தி வாராவாரம் வருகிறது. ஆனால் அரசிடம் இருந்தால் மட்டும் போதும் என்பதற்கும் கொழும்பு சாட்சி சொல்லாது. நகரத்துக்கு அனுப்பிய தண்ணீரில் ஏறத்தாழப் பாதிக்குக் காசு வராத காலம் ஒன்று இருந்தது. ஒரு பங்கு பழைய குழாயில் கசிந்தது, ஒரு பங்கு களவு இணைப்பில் போனது, இன்னொரு பங்கு பொதுப் பைப்பில் இலவசமாக ஓடியது.

அந்தப் பொதுப் பைப்பைப் பார்க்கத்தான் கடைசி பஸ். முகத்துவாரத்துக் காளி கோயிலடியில் சனம் இறங்கி ஏறியது. வெள்ளிக்கிழமை என்பதால் பூமாலைக் கடைகளில் நெரிசல். அதைத் தாண்டினால் வீதி குறுகி, லொறிகளும் ஓட்டோக்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு மட்டக்குளிக்குள் நுழைகின்றன. தமிழ், சிங்களம், முஸ்லிம், கத்தோலிக்கம் எல்லாம் ஒரே சுவரைப் பங்குபோட்டு வாழும் இடம் இது. வீட்டுத் தொகுதியைத் ‘தோட்டம்’ என்றுதான் இங்கே சொல்வார்கள். 2001 இல் மாநகர சபையும் செவனத என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து எடுத்த கணக்கில், நகரத்தில் இப்படிப்பட்ட வசதி குறைந்த குடியிருப்புகள் 1,614. அவற்றில் வாழ்ந்த குடும்பங்கள் 77,612. நகரத்தின் ஏறக்குறையப் பாதி. அதற்குப் பிறகு பல தோட்டங்கள் உடைக்கப்பட்டு, சனம் பன்னிரண்டு மாடி, பதினான்கு மாடி பிளட்டுகளுக்குப் போனது. ஆனாலும் ஓர் ஒழுங்கை திரும்பினால் இன்னும் தோட்டம் இருக்கிறது.

நான் போன தோட்டத்தில் பைப்படி ஒன்று மிஞ்சியிருந்தது. சீமெந்துத் திட்டு தேய்ந்து நடுவில் குழி விழுந்திருந்தது. துணி அலசிக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“எல்லா வீட்டுக்கும் லைன் வந்துருச்சா, அக்கா?”

“முக்காவாசி வீட்டுக்கு வந்துருச்சு தம்பி. காசை மாசா மாசம் கட்டி எடுத்தோம். முந்தி விடியக்காலை மூணு மணிக்கு எந்திரிச்சு வாளி வைக்கணும். சண்டை வரும், மண்டை உடையும். இப்ப அது இல்ல. பில்லு வருது, கட்டுறோம். தண்ணி வந்தா கட்டலாந்தானே?”

“பில் பெரிசா வருதா?”

“எங்களுக்குக் குறைச்ச ரேட்டு. அது பரவால்ல.” பிழிந்த துணியை உதறிவிட்டு ஒழுங்கையின் கோடியைக் காட்டினார். “உள்ள வர்றது பிரச்சினை இல்ல. வெளிய போறதுதான். நல்ல மழை பெஞ்சா வந்து பாருங்க. போனதெல்லாம் திரும்பி வரும்.”

குறைந்த விலை என்று அவர் சொன்னது உண்மை. நீர்ச் சபையின் கட்டண அட்டவணையில் அரசின் நிவாரணம் பெறுவோருக்கும் தோட்ட வீடுகளுக்கும் தனி வகுப்பு உண்டு. பொதுப் பைப்பை மூடி வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்த திட்டத்தை நகரத்து மேல்தட்டு இலவசம் ஒழிந்தது என்று பார்த்தது. இங்கே அது தூக்கம் கிடைத்த கதை. கம்போடியாவின் புனோம் பென் நகரம் இந்த வழியில்தான் பேர் எடுத்தது. 1993 இல் அங்கே அனுப்பிய தண்ணீரில் 72 சதவீதம் கணக்கில் இல்லாமல் போனது. ஏக் சொன் சான் என்ற பொறியியலாளர் பொறுப்பேற்று, நிறுவனத்தை விற்காமல், எல்லா வீட்டுக்கும் மீட்டர் வைத்து, கட்டாத பெரிய மனிதர்களின் இணைப்பை வெட்டி, ஏழைகளுக்குச் சலுகையில் இணைப்புக் கொடுத்து, அந்த இழப்பை ஆறு சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவந்தார். 2006 இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. அரசு நிறுவனமாகவே நின்று திருந்த முடியும் என்பதற்கு ஆசியாவில் அதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஆனால் அதுவும் உள்ளே வரும் குழாயின் கதை. அந்த அக்கா சொன்ன இரண்டாவது விஷயத்துக்கு அந்தப் புகழ் பதில் சொல்லாது.

போனது ஏன் திரும்பி வருகிறது? கழிவுநீர்க் குழாய் மழைநீருக்காகப் போடப்பட்டதல்ல. ஆனால் நூறு வருடப் பழைய பொருத்துகள் விரிந்து நிலத்தடி நீர் உள்ளே இறங்குகிறது. வீடுகளின் கூரைத் தண்ணீரையும் முற்றத்துக் கானையும் பலர் அதற்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள். வெள்ளவத்தை மாடிகள் பம்பும் சரிவும் உள்ள இடத்தில் இருப்பதால் அங்கே குழாய் மூச்சுவிட்டுக்கொள்கிறது. நகரத்தின் வடபாதிக் கழிவு மாதம்பிட்டிப் பம்பு நிலையத்துக்கு வந்து கடலுக்குத் தள்ளப்பட வேண்டும். மழைநாளில் வரத்து கூடி, தள்ளும் வேகம் போதாவிட்டால், நிலம் எங்கே பதிவோ அங்கேதான் மேன்ஹோல் மூடி எழும்பும். நிலம் பதிவாக இருப்பது தோட்டத்தில். ஏழைகளுக்கு எப்போதும் பதிவான நிலந்தான் மிஞ்சும்.

காரியம் ஒன்றும் நடக்கவில்லை என்றும் சொல்லமுடியாது. 2009 இல் ஆசிய அபிவிருத்தி வங்கி 10 கோடி டொலர் கடன் கொடுத்து, பம்பு நிலையங்களையும் பிரதான குழாய்களையும் புதுப்பிக்கும் வேலை தொடங்கியது. 2010 நவம்பர் வெள்ளத்தில் நாடாளுமன்றத்தைச் சுற்றியே தண்ணீர் நின்ற பிறகு, 2012 இல் உலக வங்கி 21 கோடி டொலருக்கு மேல் கொடுத்தது. வெள்ள நீரைக் கடலுக்கு இழுத்துவிடும் புதிய முகத்துவாரச் சுரங்கக் கால்வாய் அந்தத் திட்டத்தில் வந்தது. வெள்ளவத்தைக்கு ஒரு சுத்திகரிப்பு நிலையம் என்ற யோசனையும் பிற்காலக் கடன் திட்டங்களில் இடம்பிடித்தது. கடன் வாங்கியது நடந்தது, குழாய் மாற்றியது நடந்தது. கடலுக்குப் போகுமுன் முழுமையாகச் சுத்திகரிப்பது மட்டும் எப்போதும் அடுத்த கட்டத்துக்கு உரியதாகவே இருக்கிறது. நாடு முழுவதையும் எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். குழாய்வழிக் கழிவுநீர் வசதி உள்ளவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. மற்றவர்களுக்குக் குழி, குழி நிரம்பினால் கலி பவுசர்.

மாலையில் காக்கைதீவுக் கடற்கரைக்குப் போனேன். பட்டம் விடும் பிள்ளைகள், கடலை வண்டி, இஞ்சிப் பிஸ்கட் விற்கும் நானா. வடக்குப் பக்கம் களனி கங்கை கடலில் விழுகிறது, அக்கரையில் வத்தளைப் பக்கத்துக் கூரைகள். சிவனொளிபாத மலைப் பக்கம் பிறந்து 145 கிலோமீற்றர் ஓடிவரும் இந்த ஆறுதான் கொழும்புப் பெருநகரின் குடிநீரில் ஐந்தில் நான்கு பங்கைக் கொடுக்கிறது. இங்கிருந்து பதினாலு கிலோமீற்றர் அளவு மேலே அம்பத்தளையில் உறிஞ்சப்படுகிறது. மணல் அள்ளி அள்ளி ஆற்றின் அடி தாழ்ந்துவிட்டது. அதனால் வறட்சியில் கடல்நீர் ஆற்றின் அடியோடு ஏறி உறிஞ்சும் இடத்தையே எட்டிப் பார்க்கிறது. பல வருடம் மணல் மூட்டை அடுக்கித் தடுப்பணை போட்டு உப்பை மறித்தார்கள். மேலே பியகமவில் தொழிற்சாலைகள். அவற்றின் கழிவு, கால்வாய்களின் கழிவு, தோட்டங்களின் கழிவு எல்லாம் இந்தக் கழிமுகத்துக்குத்தான் வருகின்றன. நாலு அலுவலகங்களாகப் பிரித்து வைத்த தண்ணீர் இங்கே ஒன்றாகிவிடுகிறது.

சீர்திருத்தத்தை யார் நடத்துவது, அரசா தனியாரா, யூனிட் என்ன விலை என்ற வாதங்கள் எல்லாம் மாளிகாகந்தை மேட்டில் நின்று பார்த்தால் தோன்றும் கேள்விகள். காக்கைதீவில் நின்றால் கேள்வி வேறு. உள்ளே வந்த தண்ணீரைப் பில் கணக்குப் பார்க்கிறது. அது வெளியே போய் என்னவாயிற்று என்று கணக்குப் பார்ப்பது யார்? வெள்ளவத்தையில் குளித்தவரும் கொட்டாஞ்சேனையில் கோப்பை கழுவியவரும் தங்கள் பங்கைக் கட்டிவிட்டதாகவே நினைக்கிறார்கள். கட்டாத பாக்கி தோட்டத்து மேன்ஹோலில் வசூலாகிறது.

ஆகவே இந்த நகரத்தில் அடுத்த கட்டண உயர்வுக்கு முன் இரண்டு காரியம் கேட்கலாம். ஒன்று, நகர எல்லைக்குள் வரும் குழாயும் போகும் குழாயும் ஒரே பொறுப்பின் கீழ் வரவேண்டும். அந்தப் பொறுப்பு நீர்ச் சபையா மாநகர சபையா என்பது இரண்டாம் கேள்வி. பிழை நடந்தால் ஒரு கதவை மட்டும் தட்டினால் போதும் என்ற நிலை வரட்டும். மற்றது, மாதாந்தப் பில்லின் அடியில் இன்னும் இரண்டு வரி அச்சடிக்க வேண்டும். இந்த மாதம் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குப் போன கழிவுநீர் எவ்வளவு, அதில் சுத்திகரிக்கப்பட்டது எவ்வளவு. சுத்திகரித்த பங்கு வருடாவருடம் கூடினால் யூனிட்டுக்குக் கூடுதலாகக் கேட்கலாம். கொட்டாஞ்சேனைக் கடைக்காரரும் முணுமுணுத்துக்கொண்டே கட்டுவார். அந்த வரியில் பூச்சியம் நிற்கும்வரை, மட்டக்குளிக்காரர் வேறு யாருடைய பில்லையோ சேர்த்துத்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்.